ஆபரேஷன் சக்சஸ் சரி, ஒரு வருஷம் கழித்து ஒரு போன் போடுங்கள்

நீலகிரியில் குடலிறக்க (ஹெர்னியா) ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் எல்லாருக்கும், அவர்களுக்கு மேலே இருந்து கணக்குப் பார்க்கிற சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், கேத்தி பாலாடா பக்கத்துக் கேரட் யார்டு ஒன்றிலிருந்து வணக்கம்.

நான் அந்த யார்டில் கணக்கு எழுதுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அங்கேயே லோடுமேன். நடுச்சாமம் தாண்டியதும் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ஆட்கள் தோட்டத்தில் இறங்கிக் கேரட் பிடுங்குவார்கள், அதை மெஷினில் கழுவி, சாக்கில் பிடித்து, தைத்து, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற லாரியில் ஏற்றுவது எங்கள் வேலை. இருபது வருஷம் ஏற்றினேன். அப்புறம் ஒரு நாள் வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று புடைத்தது. படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வரும். இரண்டு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் பெல்ட் வாங்கி, கைலிக்குள் இறுக்கிக்கொண்டு மூட்டை தூக்கினேன். கடைசியில் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய அண்ணனுக்கும் இடது பக்கம் அதே கதை என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கட்டை போல ஆக்கி, குடல் இறங்குகிற ஓட்டையை மூட ஒரு பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்தார்கள். கையிலிருந்து பணம் கட்டவில்லை. நர்ஸ் அம்மாக்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டார்கள், அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், "சூப்பர், இனி ஒண்ணும் இல்லை" என்றார். அத்தோடு என் கேஸ் ஷீட் மூடப்பட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள். நான் விசாரித்த வரைக்கும் எல்லா இடத்திலும் பத்தாம் நாளோடுதான் கேஸ் ஷீட் மூடுகிறது.

வலி எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்ல முடியாது. முதல் மாதம் எல்லாருக்கும் இருக்கிற தையல் வலிதான். அது போன பிறகும் ஒன்று மட்டும் போகவில்லை. குத்தவைத்து உட்கார்ந்தால், தும்மினால், லாரிப் பலகையில் காலைத் தூக்கி வைத்தால், தையலுக்கு உள்ளேயிருந்து விதை வரைக்கும் கோணி ஊசியை நூலோடு இழுப்பது போல ஒரு இழுப்பு. தொடையின் உள்பக்கம் உள்ளங்கை அளவு இடம் மரத்துக் கிடக்கும், அதே இடத்தில் கைலி உரசினால் எரியும். மரத்த இடம் எப்படி எரியும் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அதைத்தான் கேட்டேன். நான்காம் மாதம் திரும்பப் போனேன். அழுத்தினார்கள், இருமச் சொன்னார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். "வலை வைத்த இடத்திலேயே இருக்கு, திரும்ப இறங்கலை, எல்லாம் நல்லா இருக்கு, நீங்கதான் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு பஸ் போனது, ஏறவில்லை. நான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் மச்சானைப் பாருங்கள். அதே மாதம், அதே ஆஸ்பத்திரி, அதே ஆபரேஷன். ஆறாவது வாரம் மூட்டை தூக்கினார், இன்றைக்கும் தூக்குகிறார். "மாப்ளே, எனக்கு வைச்சது வலை, உனக்கு வைச்சது சாக்குத் துணி" என்று யார்டில் எல்லார் முன்னாலும் கிண்டல் வேறு. அதில் பாதி உண்மை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உங்கள் ரிஜிஸ்டரில் மச்சானும் நானும் ஒரே மாதிரி இரண்டு வரிகள். குடலிறக்கம், வலை வைத்துச் சரிசெய்யப்பட்டது, நலமாக வீடு திரும்பினார். ஒருவர் மூட்டை தூக்குகிறார், இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிறார், கூலி முன்பு வாங்கியதில் பாதி. அந்த வித்தியாசம் உங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

கோவையில் நர்சிங் படிக்கிற மகள் லீவில் வரும்போதெல்லாம் அவளை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். டாக்டருக்கே பாடம் எடுக்கிறான் என்று நினைக்க வேண்டாம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான் என் வருத்தம்.

ஆண்களில் நூற்றில் 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொடை இடுக்குக் குடலிறக்கம் வருமாம், பெண்களில் நூற்றில் 3 பேருக்கு. மூட்டை தூக்குவதால்தான் வருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், பரம்பரையும் பெரிய காரணம் என்கிறாள் மகள். சரிதான், சிலோனிலிருந்து வந்த என் அப்பாவுக்கும் இருந்தது. அவருக்கு அந்தக் காலத்தில் வலை இல்லாமல் சதையோடு சதையை இழுத்துத் தைத்தார்கள். இரண்டு தடவை திரும்ப இறங்கியது. 1880களில் இத்தாலியில் பசினி என்ற டாக்டர் ஆரம்பித்துவைத்த வழியும் அதன் தம்பி தங்கைகளும்தான் நூறு வருஷமாக உலகம் முழுக்க ஓடியிருக்கின்றன. இழுத்துத் தைத்த இடம் பிய்த்துக்கொண்டு வருவதுதான் அப்போதைய பெரிய தலைவலி. 1980களில் அமெரிக்காவில் லிக்டன்ஸ்டைன் என்பவர், சதையை இழுக்காமல் மேலே ஒரு வலையை ஒட்டுப்போட்டுத் தைக்கிற முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு திரும்ப இறங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2018ல் காக்ரேன் என்ற அமைப்பு 25 ஆய்வுகளில் இருந்த 6,293 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறது. வலை வைத்தவர்களுக்குத் திரும்ப இறங்குவது ஏறக்குறைய பாதிதான், 46 பேருக்கு வலை வைத்தால் ஒருவருக்குத் திரும்ப இறங்காமல் தடுக்கலாம். நான் வலைக்கு எதிரி இல்லை. அப்பா பட்ட பாட்டைப் பார்த்தவன் எதிரியாக இருக்க முடியாது.

ஆனால் அதே ஆய்வில் மகள் படித்துக் காட்டிய இன்னொரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. வலியைப் பற்றி வலைக்கும் வலை இல்லாததற்கும் ஒப்பிட முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஆய்விலும் வலியை ஒவ்வொரு விதமாக, ஒவ்வொரு மாதத்தில் அளந்திருக்கிறார்கள். இது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு தோட்டக்காரர் கூடைக் கணக்கு, ஒருவர் மூட்டைக் கணக்கு, இன்னொருவர் கிலோக் கணக்கு கொண்டுவந்தால் நான் எப்படிக் கூட்டுவேன்? திரும்ப இறங்கியதா என்பது கூட்டலுக்கு வந்திருக்கிறது, வலி வரவில்லை. பழைய தலைவலிக்குச் செய்த தராசு, அதை வைத்துக்கொண்டே புதிய தலைவலியையும் நிறுக்கப் பார்க்கிறார்கள்.

புதிய தலைவலி எவ்வளவு பெரியது என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். பல நாட்டு அறுவை மருத்துவர்கள் சேர்ந்து ஹெர்னியாசர்ஜ் என்ற பெயரில் 2018ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கிற, பொருட்படுத்தத் தக்க வலி 100க்கு 10 முதல் 12 பேருக்கு வருகிறது என்று இருக்கிறது. அன்றாட வேலையையே கெடுக்கிற கடுமையான வலி 0.5 முதல் 6 சதவீதம் வரை. அதாவது நான் அபூர்வப் பிறவி இல்லை, பைத்தியமும் இல்லை. பத்துப் பேர் இருக்கிற வார்டில் ஒரு கட்டில் என்னுடையது. இந்த ஒரு வாக்கியத்தை ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது தமிழில் சொல்லியிருந்தால் நான்காம் மாதம் பஸ் ஸ்டாண்டில் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். சொல்லியிருந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்று ஓடியிருப்பேனா? ஓடியிருக்க மாட்டேன். கையெழுத்து கொஞ்சம் நிதானமாகப் போட்டிருப்பேன், அவ்வளவுதான். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாள் முழுக்க இங்கிலீஷ், "இங்க போடுங்க, இங்க போடுங்க" என்று பென்சிலில் குறி போட்டுக் கொடுத்தார்கள், மனைவி போட்டாள், நான் போட்டேன், மச்சான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போட்டார்.

என் வலிக்குப் பெயர் வைத்தது வேறொரு இடத்தில் ஒரு டாக்டர் அம்மா. ஸ்கேனைப் பார்க்கவே இல்லை. படுக்கச் சொன்னார், பேனாவை எடுத்தார், விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே எங்கே எரிகிறது எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டு என் தோலிலேயே கோடு போட்டார், ஈரப் பஞ்சை வைத்துச் சில்லென்று தெரிகிறதா என்று கேட்டார். தொடை இடுக்கில் மூன்று சின்ன நரம்புகள் ஓடுகின்றன, ஆபரேஷனில் அதில் ஒன்று தையலிலோ வலையிலோ தழும்பிலோ மாட்டிக்கொள்ளலாம், உங்களுக்கு மாட்டியிருக்கிறது என்றார். அந்த இடத்தில் மரப்பு ஊசி ஒன்று போட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும், ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, குத்தவைத்து உட்கார்ந்தேன். ஊசி வேலை செய்ததே நரம்புதான் காரணம் என்பதற்குச் சாட்சி என்று விளக்கினார். இன்னும் சில ஊசி, கொஞ்சம் மாத்திரை, பயிற்சி. இப்போது பாதி குறைந்திருக்கிறது. மீதிக்கு நரம்பை எடுத்துவிடுகிற ஆபரேஷனும் உண்டாம், மிகவும் முற்றினால் வலையையே எடுப்பதும் உண்டாம், அது லேசான காரியம் இல்லை என்றும் சொன்னார். நானும் அவசரப்படவில்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இந்த வலி வருகிற இடம் பேசக்கூடிய இடம் இல்லை. ஓபியில் பதினைந்து பேர் வரிசையில் நிற்க, கதவு பாதி திறந்திருக்க, "எங்க வலிக்குது, காட்டுங்க" என்றால் ஆம்பிளை என்ன சொல்வான்? "அடிவயிறு சார்" என்பான். மனைவியோடு இருக்கும்போது வலிக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்வது இருக்கட்டும், அந்த மனைவியிடமே எத்தனை பேர் சொல்வார்கள்? நான் ஏழு மாதம் சொல்லவில்லை, அவள் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வருவதுதான் என்று உங்கள் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நாங்களாக வாயைத் திறக்க மாட்டோம், நீங்கள்தான் கேட்க வேண்டும். நேரில் கேட்பதைவிடப் போனில் கேட்டால் பதில் வரும் என்றுகூடத் தோன்றுகிறது, முகம் தெரியாதே.

பெண்கள் கதை இன்னும் மோசம். எங்கள் குடியிருப்பில் தேயிலை பறிக்கிற ஒரு அக்காவுக்குத் தொடை மடிப்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நெறி கட்டியிருக்கிறது என்று தைலம் போட்டுக்கொண்டிருந்தார்கள், பொம்பளைக்கு எங்கே ஹெர்னியா வரப்போகிறது என்று. ஒரு நாள் ராத்திரி வாந்தி, கட்டி கல் போல ஆகிவிட்டது, 108ல் ஏற்றிக்கொண்டு போனோம். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத்தான் காப்பாற்றினார்கள். பெண்களுக்கு வருவதில் நல்ல பங்கு தொடைப் பக்கத்து ஓட்டை வழியாக வருகிற வகை, அது சின்னதாக இருந்துகொண்டே சட்டென்று மாட்டிக்கொள்ளும். முன்பக்கம் திறந்து பார்த்தால் சில சமயம் அது கண்ணில் படாமலே போய்விடும் என்பதால்தான், வசதியும் கைப்பழக்கமும் இருக்கிற இடத்தில் பெண்களுக்குக் கேமரா வைத்துச் செய்யுங்கள் என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. நீடித்த வலியும் பெண்களுக்கும், வயது குறைந்தவர்களுக்கும், ஆபரேஷனுக்கு முன்பே அதிகம் வலித்தவர்களுக்கும் கூடுதலாக வருகிறதாம். அந்த அக்காவை அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. உயிர் பிழைத்தாயிற்று, அது போதும் என்று அவரே நினைக்கிறார்.

வாட்ஸப்பில் சுற்றுகிற வீடியோக்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. "வெளிநாட்டில் தடை செய்த வலையை நம் வயிற்றில் வைக்கிறார்கள்" என்று ஒன்று வந்தது, யார்டில் எல்லார் போனிலும் ஓடியது. பிரிட்டனில் 2018ல் நிறுத்திவைத்தது பெண்களுக்குச் சிறுநீர்க் கசிவுக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைத்த வலையை. அதில் பலர் பட்ட கொடுமை நிஜம். ஆனால் வைக்கிற இடம் வேறு, காரணம் வேறு, வந்த விளைவுகளும் வேறு. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என் நண்பரின் அப்பா ஆபரேஷனே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். நீங்கள் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லாத இடத்தில் வாட்ஸப்காரன் பொய்யான எண்ணிக்கையைச் சொல்கிறான், கூட்டம் அவன் பக்கம் போகிறது.

வேண்டாம் என்பதும் சில பேருக்குச் சரியான முடிவாக இருக்கலாம், அதையும் யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. தொந்தரவு அதிகம் இல்லாத ஆண்கள் 720 பேரை வைத்து வட அமெரிக்காவில் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்தவர்களில் திடீரென்று குடல் மாட்டிக்கொண்டது வருஷத்துக்கு 1,000 பேரில் 2 பேருக்கும் குறைவு. ஆனால் பத்து வருஷத்தில் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் வலி தாங்காமலோ வேறு காரணத்துக்கோ ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், பந்தலூர் இன்னும் தள்ளி, மழைக்காலத்தில் மரம் விழுந்து ரோடு அடைத்தால் 108 என்ன செய்யும்? அந்தக் கணக்கு அமெரிக்க ஆய்வில் இருக்காது, நம் டாக்டர்தான் கூட்டிச் சொல்ல வேண்டும்.

மச்சானின் சாக்குத் துணிக் கிண்டலுக்கு வருகிறேன். நான் இருபது வருஷம் தூக்கிய பிளாஸ்டிக் சாக்கும் என் இடுப்புக்குள் இருக்கிற வலையும் ஒரே ரகம், பாலிபுரொப்பிலீன். மகள் சொன்னபோது சிரிப்பு அடங்கவே இல்லை. அதைவிட ஆச்சரியம், கொசுவலைத் துணியையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் தோண்டாய்ச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், வாங்கக் கட்டாத கம்பெனி வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி, ஏழைகளுக்கு வைத்தார். (வீட்டுக் கொசுவலையைக் கழுவி எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள்.) பிறகு உகாண்டாவின் கிழக்குப் பக்கம் கிராமத்து ஆண்கள் 302 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொசுவலைத் துணி, மறு பாதிக்கு விலை உயர்ந்த வலை வைத்து முறையாகவே சோதித்தார்கள். 2016ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்தில் திரும்ப இறங்கியது கொசுவலைக்காரர்களில் ஒரே ஒருவருக்கு, மற்றப் பக்கம் யாருக்கும் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும்படியான வித்தியாசம்.

துணியின் விலையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த முடிவை அவர்களால் சொல்ல முடிந்ததே, ஒரு வருஷம் கழித்து ஏறக்குறைய எல்லாரையும் திரும்பக் கண்டுபிடித்துப் பார்த்ததால்தான். உகாண்டாவின் கிராமங்களில்! அங்கே ஆளைத் தேடிப் பிடிக்க முடிந்திருக்கிறது, நம் நீலகிரியில் எமரால்டிலும் கோத்தகிரியிலும் முடியாதா? ஸ்வீடனில் 1992லிருந்து குடலிறக்க ஆபரேஷனுக்கு என்றே ஒரு பதிவேடு ஓடுகிறது, ஒரு வருஷம் ஆனதும் வலி எப்படி என்று கேட்டுக் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். அது பணக்கார நாடு என்பீர்கள். சரி, விடுங்கள். உகாண்டா?

நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆனதும் ஒரு போன். முடிந்தால் மூன்றாம் மாதம் ஒன்று, ஏனென்றால் நரம்பு விஷயம் அப்போதே தெரிந்தால் என்னைப் போல அலைய வேண்டியதில்லை. முடியாவிட்டால் ஒரு வருஷம் கழித்துப் போடுகிற அந்த ஒன்றாவது.

யார் போடுவது என்று கேட்பீர்கள். 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் குடியிருப்புக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படி வருகிற அம்மாவுக்கு எங்கள் வீட்டில் யாருக்கு எப்போது என்ன ஆபரேஷன் நடந்தது என்பது உங்கள் ரிஜிஸ்டரைவிட நன்றாகத் தெரியும். அவர் நோட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். 104 என்ற சுகாதார உதவி எண் இருக்கிறது, அங்கிருந்தும் கூப்பிடலாம். ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு புது ஆஸ்பத்திரியும் திறந்தாயிற்று, அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக்குத் தலைப்பு வேண்டும் அல்லவா, இதைவிட நல்ல தலைப்பு வாசலிலேயே கிடைக்காது.

என்ன கேட்பது என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். இதற்கென்றே வெளிநாட்டில் செய்த ஒரு கேள்வித்தாளை மகள் காட்டினாள். நாற்காலியிலிருந்து எழும்போது வலிக்கிறதா, அரை மணிக்கு மேல் நின்றால் வலிக்கிறதா, படி ஏறினால் வலிக்கிறதா, கார் ஓட்டும்போது வலிக்கிறதா, விளையாடும்போது வலிக்கிறதா. எங்கள் யார்டில் கார் ஓட்டுகிறவர் முதலாளி மட்டும். எங்களிடம் கேட்பதென்றால் மேடு ஏற முடிகிறதா, குத்தவைக்க முடிகிறதா, மூட்டையோ இலைக்கூடையோ தூக்க முடிகிறதா, பழைய வேலைக்கே போகிறீர்களா என்று கேளுங்கள். அந்தப் பக்கம் வலியோ எரிச்சலோ மரப்போ இருக்கிறதா, திரும்பப் புடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்காரம்மாவோடு இருக்கும்போது தொந்தரவு உண்டா என்பதைக் கடைசியில், ஆண்களிடம் ஆண் குரலில் கேட்டால் நல்லது. ஐந்து நிமிஷம் ஆகாது. எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும், அப்போதுதான் கூட்டலுக்கு வரும், கூடையும் மூட்டையும் கதை ஆகாது.

இன்னொரு சின்ன விஷயம். வலை வருகிற பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கும், எந்தக் கம்பெனி, என்ன ரகம், எந்த லாட் என்று. அதில் ஒன்றைப் பிய்த்து எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டிக் கொடுங்கள். கேரட் மூட்டைக்கே எந்தத் தோட்டம் என்று நான் குறி போடுகிறேன், அது மூன்று நாளில் குழம்பாகிவிடும். வலை சாகும் வரைக்கும் எங்களோடு வருகிறது. என் டிஸ்சார்ஜ் தாளில் "மெஷ்" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது, அந்த டாக்டர் அம்மா என்ன வலை என்று கேட்டபோது நான் விழித்தேன்.

ஓய்வு விஷயத்திலாவது நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒரு டாக்டர் ஆறு வாரம் தூக்காதே என்றார், ஒருவர் மூன்று மாதம் என்றார், காம்பவுண்டர் ஒருவர் ஆயுசுக்கும் தூக்காதே என்றார். அந்தச் சர்வதேச வழிகாட்டியோ சிக்கல் இல்லாத ஆபரேஷன் என்றால் தனியாகக் கட்டுப்பாடு வேண்டாம், முடிகிறபோது வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம் என்கிறது. வழக்கமான வேலை என்று எழுதியவர்கள் மனதில் கேரட் லாரி இருந்திருக்காது என்பது என் எண்ணம். வீட்டிலோ முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடவே கூடாது, சீழ் பிடிக்கும் என்று ஒரு தனிப் பத்தியம். தினக்கூலிக்காரனுக்கு ஆறு வாரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் நடுவில் ஒரு குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. எத்தனை நாள் என்று ஒரே வாயாகச் சொன்னால் முதலாளியிடமும் நிமிர்ந்து நின்று லீவு கேட்கலாம்.

இதை எழுதுவதற்கு முன்னால் யார்டிலும் குடியிருப்பிலும் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பத்துப் பன்னிரண்டு பேரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பெரும்பாலானவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் மட்டும் பேச்சை மாற்றினார்கள், அதில் ஒருவர் மறுநாள் தனியாக வந்து, "அண்ணா, நேத்து நீங்க கேட்டீங்களே" என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசினார். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷமாகிறதாம், அவரிடம் இதைக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். அவருக்கு அந்த டாக்டர் அம்மா இருக்கிற இடத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நம்பர் மாறிவிடும், போன் எடுக்க மாட்டார்கள் என்று சொல்வீர்கள். ரீசார்ஜுக்குக் காசில்லாமல் சிம் மாறுவது உண்மைதான், அதனால் இரண்டு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று வீட்டுக்காரம்மாவுடையது, அது மாறாது. அப்புறம் காலை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் லோடு ஏற்றுகிற நேரம், யாரும் எடுக்க மாட்டோம்.